வீட்டை மாற்றிக் கட்டும்போது அனுமதியும் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். புது வீடு கட்டுகிறவர்கள் ஓரளவு விசாரித்துக்கொண்டுதான் வருவார்கள். இருக்கிற வீட்டில் ஓர் அறை சேர்க்கிறவர்கள், மாடி ஏற்றுகிறவர்கள், சுவரை எடுக்கிறவர்கள்தான் பெரும்பாலும் வேலை பாதியில் நிற்கும்போது போன் செய்கிறார்கள். "நம்ம வீடுதானே, யாரைக் கேட்கணும்?" என்ற நினைப்புதான் காரணம். எனக்குத் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாமே தமிழ்நாட்டுக்குப் பொருந்துபவை. அடிப்படை, 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். கீழே '2019 விதிகள்' என்று வருவது அதுதான். இதற்கு அடிக்கடி திருத்தம் வருகிறது. பழைய பிரதியை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வெள்ளையடிக்க, டைல்ஸ் மாத்தக்கூட பர்மிஷன் வாங்கணுமா சார்?

வேண்டாம். வெள்ளையடிப்பது, பெயின்ட், பூச்சு வேலை, தரை மாற்றுவது, பழுதான கதவு ஜன்னலை அதே இடத்தில் புதிதாக வைப்பது, குழாய் வேலை, வயரிங் எல்லாம் பராமரிப்பு. 1971 ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமே வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாத பராமரிப்பு வேலைகளை அனுமதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

எது பராமரிப்பு, எது கட்டுமானம் என்று குழப்பம் வந்தால் நான் மூன்று கேள்வி கேட்பேன். வீட்டின் அளவு கூடுகிறதா? கட்டடம் தாங்கும் பாரம் மாறுகிறதா? வீட்டை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது மாறுகிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் முதலில் ஒரு பொறியாளரைப் பாருங்கள். கீழே வரும் பல பதில்களிலும் இந்த மூன்று கேள்விகள்தான் திரும்ப வரும்.

உள்ளே ஒரே ஒரு சுவரை எடுத்துட்டு ஹாலைப் பெரிசாக்கணும். வெளியே ஒண்ணும் தெரியாது. அதுக்குமா?

அது என்ன சுவர் என்பதைப் பொறுத்தது. தூண், பீம் வைத்துக் கட்டிய வீட்டில் உள்சுவர்கள் பெரும்பாலும் அறை பிரிப்பதற்காக நிற்பவை. நாலரை அங்குலச் சுவராக இருந்து, மேலே பீமோ சுவரோ அதன்மீது உட்காரவில்லை என்றால் எடுத்துவிடலாம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் அப்படியில்லை. அவற்றில் தூணே கிடையாது. ஒன்பது அங்குலத்துக்கும் அதற்கு மேலும் தடித்த செங்கல் சுவர்கள்தான் மொத்த வீட்டையும் தாங்குகின்றன. மெட்ராஸ் தார்ஸ் (மரக் கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிப் போடும் பழைய கூரை) போட்ட வீடாக இருந்தால் உத்தரமும் கட்டைகளும் நேராகச் சுவர்மீது உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவரில் கை வைப்பது கூரையில் கை வைப்பதற்குச் சமம்.

தட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். சுவருக்கு மேல் என்ன இருக்கிறது, தளத்தின் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது, மாடியில் அதே இடத்தில் சுவர் நிற்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும், இரும்பு பீமோ கான்கிரீட் பீமோ போட்டு அதன் இரு முனைக்கும் சரியான தாங்கல் அமைக்க வேண்டும், அப்புறம்தான் சுவரை இறக்க வேண்டும். இது பாரம் மாறும் வேலை. ஆகவே பதிவு பெற்ற பொறியாளரின் வரைபடமும் உள்ளாட்சியின் அனுமதியும் இல்லாமல் செய்யக் கூடாது.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கன்சீல்டு வயரிங்குக்காக, அதாவது வயரைச் சுவருக்குள் மறைப்பதற்காக, நாலரை அங்குலச் சுவரைக் குறுக்கே நீளமாக வெட்டுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. சுவரின் கனத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. அனுமதி கேட்கும் வேலையில்லைதான், ஆனால் ஆபத்தான வேலை. நேர்க்குத்தாக வெட்டச் சொல்லுங்கள், ஆழத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிளான் அப்ரூவல், திட்ட அனுமதி, கட்டட அனுமதி, இதெல்லாம் ஒண்ணுதானா?

பேச்சில் எல்லாவற்றையும் பிளான் அப்ரூவல் என்கிறோம். சட்டப்படி இரண்டு. இந்த மனையில் இந்த உபயோகத்துக்கு, இந்த அளவுக்குக் கட்டலாம் என்பது திட்ட அனுமதி. அந்தக் கட்டடத்தை இந்த வரைபடப்படி எழுப்பலாம் என்பது கட்டட அனுமதி. தனி வீடுகளுக்குப் பெரும்பாலும் இரண்டும் உள்ளாட்சி அமைப்பிலேயே ஒன்றாக முடிந்துவிடுவதால் வித்தியாசம் தெரிவதில்லை.

யார்கிட்ட போகணும்? பஞ்சாயத்தா, டி.டி.சி.பி.யா?

சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) என்பது மேல்மட்டம். ஆனால் 10,000 சதுர அடிக்குள், எட்டு குடியிருப்புகளுக்குள் வரும் வீடுகளுக்கான அதிகாரம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சாதாரணக் குடும்பத்தின் வீடு இந்த வரம்பைத் தாண்டாது. விண்ணப்பம் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகப் போகிறது. கையில் காகிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு அலையும் காலம் பெருமளவு போய்விட்டது.

மேலே கம்பி விட்டு வச்சிருக்கோம். இப்ப மாடி ஏத்துறோம். ஏற்கெனவே அப்ரூவல் வாங்கின வீடுதானே?

பழைய அனுமதியில் மாடியும் சேர்ந்திருந்து, அதன் காலக்கெடுவும் முடியாமல் இருந்தால் மட்டுமே அது செல்லும். அனுமதிக் கடிதத்திலேயே எத்தனை தளம், எந்தத் தேதி வரை என்று இருக்கும். கீழ்த்தளத்துக்கு மட்டும் வாங்கியிருந்தால் மாடிக்குப் புது அனுமதி வேண்டும். வரைபடத்தில் இருக்கும் கட்டடம், புதிதாகச் சேர்ப்பது, இடிப்பது ஏதாவது இருந்தால் அது, மூன்றும் பிரித்துக் காட்டப்பட வேண்டும்.

மேலே நீட்டியிருக்கும் கம்பியைப் பார்த்து மாடி தாங்கும் என்று முடிவு செய்வதுதான் நான் அதிகம் கேட்கும் தவறான கணக்கு. கம்பி இருப்பது, மாடி கட்ட ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் காட்டும். தாங்குமா என்பதை அடித்தளம் சொல்ல வேண்டும். ஒரு தூணின் பக்கத்தில் குழி தோண்டி அடித்தளத்தின் அகலம், ஆழம், மண்ணின் தன்மை மூன்றையும் பாருங்கள். தூணின் கான்கிரீட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல வருடம் மழையில் நின்ற கம்பி துருப்பிடித்து மெலிந்திருக்கும். துருவைச் சுரண்டிய பிறகு மிஞ்சும் விட்டத்தை அளந்துதான் அதை நம்பலாமா என்று முடிவெடுக்க வேண்டும். மாடியின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

அடுத்தது பரப்பளவு. 2019 விதிகளில் உயரமில்லாக் கட்டடங்களுக்கு (சாதாரண வீடுகள் இதில்தான் வரும்) தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். காலியிடம் விடும் விதி இதற்குள் உங்களை இன்னும் இறுக்கும்.

செட்பேக்னா என்ன? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அடிகூட விடலையே, நான் மட்டும் ஏன் விடணும்?

மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம்தான் செட்பேக். முன்புறம் எவ்வளவு என்பது சாலையின் அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டருக்குக் குறைவான சாலை என்றால் முன்னால் 1.5 மீட்டர். பக்கவாட்டில் எவ்வளவு என்பதை மனையின் அகலமும் கட்டடத்தின் உயரமும் தீர்மானிக்கும். பழைய அக்ரகாரங்கள், கடைத்தெருக்கள் போலத் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் பக்கச் சுவர் ஒட்டியே இருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் விடாதது உங்களுக்கு உரிமை தராது. அவருடைய வீடு விதி வருவதற்கு முன்பு எழுந்ததாக இருக்கலாம், அனுமதி இல்லாமலே எழுந்ததாகவும் இருக்கலாம். கிணற்றடி இருந்த இடத்தில் கழிவறை, சந்தில் தகரம் போட்டுச் சமையல்கட்டு என்று ஒவ்வொன்றாக அந்த இடத்தை நிரப்பிவிட்டால் தீப்பிடிக்கும்போது ஆள் நுழைய வழி இருக்காது. அறைக்குள் காற்றும் வராது. காலியிடத்தை நான் வீட்டின் ஒரு பகுதியாகத்தான் பார்க்கிறேன்.

கீழ்த்தளம் கட்டினப்ப செட்பேக் விடலை. மாடியை மட்டும் விதிப்படி கட்டினா ஒத்துக்குவாங்களா?

இது ஒவ்வொரு கட்டடத்துக்கும் மாறும். கீழ்த்தளத்துக்கு அந்தக் கால விதிப்படி அனுமதி இருந்தால் அது அப்படியே நிற்கலாம். மாடி இன்றைய விதிக்கு உள்ளே தள்ளிப் போக வேண்டும். அப்போது மாடிச் சுவர் கீழ்ச் சுவருக்கு நேர்மேலே வராது. பாரம் இறங்க தனியாக பீம் வேண்டும். சிலருக்கு இதில் செலவு கூடி, மாடி யோசனையையே விட்டுவிட நேர்கிறது.

கீழ்த்தளத்துக்கே அனுமதி இல்லை என்றால், மாடிக்கான விண்ணப்பம் அந்தக் குறையையும் சேர்த்து வெளியே கொண்டுவரும். அதற்கு பயந்து மறைத்துக் கட்டுவதைவிட, முதலில் ஒரு பொறியாளரிடம் அளந்து பார்த்து எவ்வளவு மீறல் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சன்ஷேடு, ஒரு படிக்கட்டை எடுத்தாலே சரியாகிவிடும் வீடுகள் உண்டு.

என்னென்ன பேப்பர் வேணும்? எவ்வளவு செலவாகும்?

பட்டா, பத்திர நகல், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, மனை அங்கீகரிக்கப்பட்டதற்கான ஆவணம், பழைய அனுமதி வரைபடம், பதிவு பெற்ற பொறியாளர் கையொப்பமிட்ட புது வரைபடம். மழைநீர் சேகரிப்பும் வரைபடத்தில் இருக்க வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். பத்திரத்தில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்பா பெயரிலேயே பட்டா கிடப்பதால்தான் பாதி விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன.

மனை அங்கீகாரமில்லாத லேஅவுட்டில் இருந்தால் முதலில் அதை வரன்முறை செய்ய, அதாவது கட்டணம் கட்டிச் சட்டப்படி முறைப்படுத்த, வேண்டும். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்காக 2017 இல் தனி விதிகள் வந்தன. கட்டணம் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி, பரப்புக்குப் பரப்பு மாறும். இணையதளத்தில் வரும் கேட்பு அறிவிப்பில் உள்ளதுதான் கட்டணம். அதோடு கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்கு மதிப்பீட்டில் 1 சதவீதம் உண்டு. சொந்தக் குடியிருப்புக்கான வேலையின் செலவு சட்டம் சொல்லும் வரம்புக்குள் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கட்ட வேண்டியிருந்தால் மனம் நொந்துகொள்ளாதீர்கள். சாரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பத்துக்குப் போகும் பணம் அது.

சுயசான்று கொடுத்தா உடனே அனுமதி கிடைக்குதாமே. ஆய்வே கிடையாதாமே?

2024 ஜூலையில் தொடங்கிய திட்டம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் என்ற வரம்போடு வந்தது. உரிமையாளர் தானே உறுதிமொழி கொடுத்து இணையதளத்தில் அனுமதியை எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை, பணி முடிப்புச் சான்றும் வேண்டாம். பழைய வீட்டை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நல்ல வசதி.

ஆனால் ஆய்வு இல்லை என்பதால் விதி இல்லை என்று ஆகாது. நீங்கள் சொன்னது தப்பு என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான். இருக்கும் வீட்டின்மேல் மாடி ஏற்றுவதென்றால், கீழ்த்தளத்தின் வலுவை ஒருவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்பதால், நான் யாருக்கும் இந்த வழியைச் சொல்வதில்லை.

மொட்டை மாடியில தகர ஷீட் போடப் போறோம். சும்மா துணி காயப்போடத்தான்.

துணி காயப்போட நாலு குழாயும் ஒரு வலையும் போதும். சுற்றிலும் சுவர் எழுப்பி, விளக்கும் மின்விசிறியும் போட்டு, ஒரு பக்கம் கழிவறையும் வந்துவிட்டால் அது இன்னொரு தளம். அளவு, பாரம், பயன்பாடு மூன்றும் மாறிவிட்டன. அனுமதி வேண்டும்.

திறந்த ஷீட் கூரையாகவே இருந்தாலும் காற்றை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் பக்கம் பறந்த தகரங்கள் அடுத்த தெருவில் போய் விழுந்தன. குழாய்க்காலைத் தளத்தின் மேலே சும்மா நிறுத்திச் சிமென்ட் பூசினால் நிற்காது. பேஸ் பிளேட் வைத்துக் கான்கிரீட்டில் போல்ட் இறக்க வேண்டும். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்காதபடி அடைக்கவும் வேண்டும்.

தெருவை உயர்த்திட்டாங்க, வீடு பள்ளமாயிடுச்சு. ஜாக்கி வச்சுத் தூக்கப் போறோம். அதுக்கு என்ன அனுமதி?

வீட்டின் மொத்தப் பாரத்தையும் சில நாட்களுக்கு ஜாக்கிகள்மேல் நிறுத்தும் வேலை இது. கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையும் உள்ளாட்சியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் இல்லாமல் தொடங்கவே கூடாது. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தால் அவர்களுக்கும் சொல்லி, இரண்டு வீட்டிலும் இருக்கும் விரிசல்களை முன்பே படம் எடுத்து வையுங்கள். தூக்கும் நாட்களில் வீட்டுக்குள் யாரும் தங்கக் கூடாது. ஒப்பந்தக்காரர் "கீழே நடக்கும், நீங்க மேலே சமைச்சுக்கலாம்" என்று சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

இந்த நிலைக்கு நாம் வந்ததே பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே போட்டுக்கொண்டே போனதால்தான். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அரசு 2021 இல் அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவில் சாலை போட வரும்போது அதை எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். தெருவே சேர்ந்து கேட்டால் ஒரு வீட்டையும் தூக்க வேண்டியிராது.

வாசல்ல படியும் சரிவும் கொஞ்சம் ரோட்டுல வருது. எல்லார் வீட்டிலும் அப்படித்தானே?

எல்லார் வீட்டிலும் அப்படித்தான், அதனால்தான் கால்வாயைத் தூர்வார முடியவில்லை. சாலையும் கால்வாயும் பொது இடம். அங்கே நீட்டிய படிக்கு எந்த அனுமதியும் கிடைக்காது. படியை எல்லைக்கு உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு எப்ப வருவாங்க? வந்தா என்ன பாப்பாங்க?

விண்ணப்பித்ததும் இடத்தைப் பார்க்க வருவது முதல் கட்டம். பிளிந்த் மட்டம் (அடித்தளம் முடிந்து தரைமட்டம் எழும் நிலை) வந்ததும் நீங்கள் தகவல் கொடுக்க வேண்டியது அடுத்தது. அந்த மட்டத்தில்தான் வீட்டின் நான்கு ஓரமும் நிரந்தரமாகிறது. செட்பேக்கில் பிழை இருந்தால் அப்போது திருத்துவது எளிது. தளம் போட்ட பிறகு இடிக்கத்தான் வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை எப்போதும் வேலை நடக்கும் இடத்தில் வையுங்கள்.

வருகிற அலுவலர் முக்கியமாக அளப்பது எல்லையிலிருந்து சுவருக்கு எவ்வளவு, எத்தனை தளம், எவ்வளவு உயரம், வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா என்பதைத்தான். உங்கள் பீமில் எத்தனை கம்பி என்று அவர் எண்ண மாட்டார். அந்த ஆய்வை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். தளம் போடுவதற்கு முந்தின நாள் பொறியாளர் வந்து கம்பியின் விட்டம், இடைவெளி, இணைப்பு நீளம், கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டைகள்), முட்டுகள் எல்லாவற்றையும் பார்க்கட்டும். அவர் கையெழுத்துப் போட்ட பிறகே கலவை இயந்திரம் வரட்டும். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் அனுமதி இருந்தது. காகிதத்தில் உள்ள அனுமதி கம்பியைப் பார்க்காது.

வேலை முடிஞ்சதும் பணி முடிப்புச் சான்று கட்டாயமா?

2019 விதிகள் வந்தபோது 12 மீட்டர் உயரம், மூன்று குடியிருப்புகள், 750 சதுர மீட்டர் என்ற வரம்புக்குள் வரும் வீடுகளுக்கு விலக்கு இருந்தது. 2024 இல் அது 14 மீட்டர், எட்டு குடியிருப்புகள் என்று தளர்த்தப்பட்டது. ஆகவே பெரும்பாலான தனி வீடுகளுக்குத் தேவையில்லை. சான்றுக்கு மட்டும்தான் விலக்கு, அனுமதிக்கு இல்லை. இதைச் சிலர் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வீட்டு வரி போட்டுட்டாங்க, ஈ.பி. இணைப்பும் வந்துடுச்சு. அப்ப அப்ரூவ்டு வீடுதானே?

இல்லை. சொத்து வரி, இருக்கிற கட்டடத்துக்கு வசூலிப்பது. அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். அந்த ரசீது கட்டடத்தை முறைப்படுத்தாது. விற்கும்போதோ வங்கியில் கடன் கேட்கும்போதோ இது தெரியவரும். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு வங்கிகள் இன்னும் கவனமாகிவிட்டன. கட்டடத்தின் சான்றுகளைச் சரிபார்த்துத்தான் கடன் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது.

பால்கனி நீட்டினா கரண்ட் கம்பி கை எட்டுற தூரத்துல வருது. பரவாயில்லையா?

கூடவே கூடாது. வீட்டு இணைப்புக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பிக்குக் கட்டடத்தின் உச்சியிலிருந்து மேல்வாக்கில் 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கே.வி. கம்பிக்கு மேல்வாக்கில் 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். 33 கே.வி. என்றால் பக்கவாட்டில் 2 மீட்டர். இது குறைந்தபட்சம். மாடியில் நின்று நீளமான கம்பியைத் தூக்கும் தொழிலாளிக்கு இந்த இடைவெளியும் போதாது. தொடங்குவதற்கு முன்பே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துக் கம்பியை நகர்த்தவோ உறை போடவோ கேளுங்கள். அதற்கான செலவு உங்களுடையது.

போர் போடணும், வயசான அம்மாவுக்காக லிப்டும் வைக்கணும். இதுக்கெல்லாம் தனியாவா?

இரண்டுக்கும் தனி. ஆழ்துளைக் கிணறு தோண்ட உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். ஊராட்சிகளுக்கு 2015 இல் இதற்கென்றே விதிகள் வந்தன. 15 நாட்களுக்கு முன்பே தகவல் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010 இல் சொல்லியிருக்கிறது. தண்ணீர் வராத குழியை அன்றைக்கே மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத குழியில் குழந்தை விழுந்து இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

லிப்டுக்கு 1997 ஆம் ஆண்டுச் சட்டப்படி மின் ஆய்வுத் துறையிடம் நிறுவ அனுமதியும், பின்பு இயக்க உரிமமும் வேண்டும். வீட்டுக்குள் வைப்பதும் இதில் அடங்கும். தளத்தை வெட்டித்தான் லிப்ட் குழி வரும் என்பதால் சுவர் எடுப்பது பற்றிச் சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும்.

முன் ரூமை மளிகைக் கடையா மாத்துறேன். ஷட்டர் மட்டும்தான் புதுசு.

பயன்பாடு மாறுகிறது, அதனால் கேட்க வேண்டும். குடியிருப்பு மண்டலத்திலும் சிறு கடைகளுக்கு அளவு வரம்போடு இடம் உண்டு. கடைக்கு மின் இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாற வேண்டும், சொத்து வரியும் மாறும். ஜன்னலை எடுத்துவிட்டு ஷட்டருக்கு அகலமாகத் திறக்கிறீர்கள் என்றால் மேலே புது லிண்டல் (திறப்புக்கு மேல் பாரம் தாங்கும் குறுக்கு விட்டம்) போட்டாக வேண்டும்.

அப்பார்ட்மென்ட்ல பால்கனியை ரூமா அடைச்சுக்கலாமா?

வெளிச்சுவர், தூண், தளம் எல்லாம் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானவை. சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் தொடவே முடியாது. சங்கம் சம்மதித்தாலும் வரைபடத்தில் திறந்த பால்கனியாகக் காட்டிய இடத்தை அறையாக்கினால் தளப்பரப்புக் கணக்கு மாறும். கிரில் போட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள். தீயிலிருந்து தப்பிக்க ஒரு பகுதி திறக்கும்படி அந்த கிரில் இருக்கட்டும்.

எங்க வீடு பெரிய கோயில் பக்கத்துல இருக்கு. ஓடு மாத்தக்கூட விடலைங்கறாங்க, நிஜமா?

மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், மாமல்லபுரம் ஊர்க்காரர்களுக்கு இது பழக்கமான தலைவலி. 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. ஆனால் இருக்கும் வீட்டைப் பழுது பார்க்க, புதுப்பிக்க விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். ஆகவே ஓடு மாற்றவே முடியாது என்பது சரியில்லை, கேட்காமல் மாற்றக் கூடாது என்பதே சரி. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளுக்கும் கடலோரத்துக்கும் இதேபோலத் தனி விதிகள் இருக்கின்றன.

பழைய பிளான் தொலைஞ்சு போச்சு. என்ன செய்யறது?

அனுமதி கொடுத்த அலுவலகத்தில் நகல் கேளுங்கள். அனுமதி எண்ணோ வருடமோ தெரிந்தால் சீக்கிரம் கிடைக்கும். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் வங்கிக் கோப்பில் ஒரு நகல் இருக்கும். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.

மேஸ்திரி 'ஆபீஸ்ல நான் பாத்துக்கறேன், பணம் மட்டும் குடுங்க'ங்கறார். குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கட்டணம் எல்லாம் இணையதளத்திலேயே ரசீதோடு கட்டலாம். ரசீது இல்லாத பணம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. நாளை நோட்டீஸ் வந்தால் உங்கள் பெயருக்குத்தான் வரும், மேஸ்திரி பெயருக்கு வராது. யாராவது நேரடியாகக் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுக்கலாம். பொறியாளருக்குத் தர வேண்டிய கூலி வேறு, அதைப் பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் என் ஜன்னலை மறைச்சு மாடி ஏத்துறார். தடுக்க முடியுமா?

அவர் விட வேண்டிய செட்பேக்கை விட்டு, அனுமதியோடு கட்டினால் பொதுவாக முடியாது. 20 வருடம் தடையில்லாமல் அந்த ஜன்னல் வழியாக வெளிச்சமும் காற்றும் அனுபவித்திருந்தால் 1882 ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் உங்களுக்கு ஓர் உரிமை உண்டு. அதைச் சிவில் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டுகிறார் என்றால் உள்ளாட்சியில் எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கு முன் ஒருமுறை நேரில் பேசிப் பாருங்கள். ஜன்னலுக்கு எதிரே வரும் சுவரை இரண்டடி தள்ளி வைக்க ஒத்துக்கொண்டவர்கள் உண்டு.

அனுமதி இல்லாம கட்டியாச்சு. இப்ப நோட்டீஸ் வந்திருக்கு. இடிச்சுடுவாங்களா?

நோட்டீஸை வாங்க மறுக்காதீர்கள். முதலில் அது எந்தப் பிரிவில் வந்தது, எத்தனை நாள் கெடு என்று படியுங்கள். வேலை நடந்துகொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். நிறுத்தச் சொன்ன பிறகும் தொடர்ந்தால் பூட்டி முத்திரை வைப்பார்கள். அப்போது உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது. கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடம் முறையிடவும் வழி இருக்கிறது.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் நோட்டீஸும் உங்கள் தரப்பை நேரில் சொல்லும் வாய்ப்பும் தர வேண்டும். சாலை, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றை வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் வழி வந்தது. அதற்குப் பிறகு கட்டியவர்கள் அதை நம்பி இருக்கக் கூடாது. இந்த 15 நாளில் பொறியாளரை வைத்து அளந்து, விதிக்குள் வரும் பகுதிக்குத் திருத்திய வரைபடம் போட்டு விண்ணப்பியுங்கள். வராத பகுதியை நீங்களே, மேலிருந்து கீழாக, முட்டுக் கொடுத்துப் பிரித்து எடுங்கள். இயந்திரம் வந்து இடித்தால் மீறிய பகுதியோடு நல்ல பகுதியிலும் விரிசல் விழும்.